துரைசானிக்காகக் கட்டிவைத்த அருவி

துரைசானியின் தலை பாறைக் குழிக்குள் இருந்தது. வெளியே தெரிந்தது இரண்டு பூட்ஸும், முழங்கால் வரைக்கும் சேறு ஏறிய ஒரு காக்கிப் பாவாடையும்தான். குழிக்குள்ளிருந்து இங்கிலீஷ் வந்துகொண்டிருந்தது. நான் விளிம்பில் குந்திக்கொண்டு, அது ஏன், இது எப்படி என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேலே, அருவியின் உச்சிப் பாறையில், தாசில்தார் குடையோடு நின்றார். துரைசானி எப்போது எழுந்து கரையேறுவாள் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறவே கூடாது என்று நான் கர்த்தரை வேண்டிக்கொண்டிருந்தேன். கீழே, ஆறு திரும்புகிற மணலில், சின்னப்பொண்ணு என்கிற ஒருத்தி தலை நிமிராமல் கிர்ணிப்பழம் பறித்துக்கொண்டிருந்தாள்.

அருவியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்தத் தண்ணீரைப் பற்றியதுதான் இந்த வாரக் கதை.

அருவியின் பெயரையும் தாலூகாவின் பெயரையும் எழுதப் போவதில்லை. சித்தூரிலிருந்து குப்பம் போகிற மேட்டு நாட்டில், காட்டுக்குள் இருக்கிறது என்பது போதும். அந்தத் தாசில்தாரின் பேரப்பிள்ளைகள் இன்று நல்ல உத்தியோகங்களில் இருக்கிறார்கள். இந்தப் பத்திரிகையை வாங்கியும் படிக்கிறார்கள்.

நயாகரா தெரியும்

மெட்ராஸ் ராஜதானிக் காலம் அது. சித்தூரில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாடப் புத்தகத்தில் நீர்வீழ்ச்சி என்றால் நயாகராதான். அதன் உயரம், அகலம், எந்த ஏரியிலிருந்து எந்த ஏரிக்கு விழுகிறது என்பதையெல்லாம் எங்கள் பெண்களைத் தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வார்கள். சொந்த ஜில்லாவில் ஒரு பெரிய அருவி இருப்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பரீட்சையில் அதைக் கேட்கவும் மாட்டார்கள்.

அதற்கு முன் நான் கண்ணால் கண்ட அருவி திருப்பதி அடிவாரத்தில் மலையிலிருந்து குளத்தில் விழுகிறதே, அது ஒன்றுதான். என்னோடு ட்ரெயினிங் படித்த ஒரு ரெட்டி வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்குத் திருப்பதி போனபோது எல்லோரும் கூட்டமாகப் பார்க்கப் போனோம். பாவம் போவதற்காக ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தார்கள். நான் தள்ளியே நின்றேன். ஆனாலும் காற்று அடித்ததில் என் மேலும் தெறித்துவிட்டது.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம். நைனா அப்போது குடிபாலா பக்கத்தில் சபைக்கு உபதேசியார். ஊருக்குத் திரும்பியதும் அவருடைய முதல் கேள்வி, நனைந்தாயா என்பதுதான். தெறித்தது என்றேன். அன்று சாயங்காலம் சபை மூப்பர்கள் வந்திருந்தார்கள். தெறித்தால் போதுமா, முழுகினால்தான் கணக்கா என்று அவர்களுக்குள் ஏற்கெனவே ஞானஸ்நானம் பற்றி ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. தெளிப்பே போதும் என்கிற கட்சிக்கு நான் திருப்பதியில் இந்துவாகிவிட்டேன். முழுக்குக் கட்சி என்னைக் காப்பாற்றியது. நைனா தெளிப்புக் கட்சி. அடுத்த ஞாயிறு வரைக்கும் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கல் பொறுக்கும் அம்மாள்

அந்த வருஷம் சித்தூருக்குக் கலெக்டராக வந்த துரையின் சம்சாரத்துக்குக் கல் பைத்தியம். போகிற இடமெல்லாம் சுத்தியலால் தட்டி ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்வாள். கோலாரில் வெள்ளைக்காரர்கள் தங்கம் தோண்டிக்கொண்டிருந்த காலம். இந்த அம்மாளுக்கு வெறுங்கல் எதற்கு என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். தங்கம் இருக்கும் இடத்தை மோப்பம் பிடிக்கிறாள் என்று முடிவும் கட்டிவிட்டார்கள்.

வரிக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்தி முகாமுக்குத் துரை மேட்டு நாட்டுக்குக் கிளம்பியபோது அவளும் கிளம்பினாள். கூடப் போக இங்கிலீஷும் தமிழும் தெலுங்கும் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்று மிஷன் பங்களாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மிஷன் அம்மாள் என்னைக் கை காட்டினாள். கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் மாங்காய் ஊறுகாய் போடலாம் என்று இருந்தவள் நான்.

மாட்டு வண்டியில் போகும்போதுதான் விஷயம் புரிந்தது. நல்ல சித்திரை மாதத்தில், வெயில் மண்டையைப் பிளக்கும்போது, அருவி பார்க்க ஏன் போகவேண்டும் என்று கேட்டேன். தண்ணீர் இருக்காதே என்றேன். தண்ணீர் இருக்கக் கூடாது என்றுதான் சித்திரையில் போகிறேன் என்றாள் துரைசானி. வீட்டில் கல்யாணக் கூட்டம் நிற்கும்போது சுவர் தெரியாது, எல்லோரும் போன பிறகுதான் தெரியும், அது மாதிரி ஆறு வற்றினால்தான் பாறை தெரியும் என்றாள். அந்தப் பாறையை ஆறு எப்படி வெட்டியது என்பதைத்தான் பார்க்க வந்திருக்கிறாள்.

இந்த ஒரு விஷயத்தை அவள் என்னிடம் சொன்னாள். துரையிடமும் சொல்லியிருப்பாள். துரை தாசில்தாரிடம் சொன்னதோ, என் சம்சாரத்துக்கு அருவி என்றால் பிரியம் என்கிற ஒரு வாக்கியம்தான்.

அது போதாதா? சித்திரையில் அருவி வறண்டு கிடப்பது தாசில்தாருக்குத் தெரியும். துரைசானி இத்தனை தூரம் வந்து மொட்டைப் பாறையைப் பார்த்துவிட்டுப் போனால் தாலூகாவின் மானம் என்ன ஆவது? அருவிக்கு மேலே ஆற்றின் குறுக்கே கல்லும் தழையும் மண்ணும் போட்டு ஓர் அணை கட்டச் சொல்லி உத்தரவானது. கசிந்துகொண்டிருந்த தண்ணீரை நாள்கணக்கில் தேக்கினார்கள். துரைசானி பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடிக்கும்போது தாசில்தார் குடையை உயர்த்துவார், தலையாரி அணையை உடைப்பான், அருவி விழும். ஏற்பாடு அப்படி. துரைசானிக்கு என்ன வேண்டும் என்று துரைசானியைத் தவிர எல்லோரையும் கேட்டிருந்தார்கள்.

சின்னப்பொண்ணு வந்தாள்

நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் விடியற்காலையில், முகம் கழுவ ஆற்று மணலில் இருக்கும் ஊற்றுக்குப் போனேன். அங்கேதான் சின்னப்பொண்ணு காத்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். நான் தமிழ் பேசுகிறேன் என்று வண்டிக்காரன் சொல்லியிருக்கிறான்.

அருவிக்குக் கீழே ஆறு திரும்பும் இடத்தில் மணல் அகலமாகக் கிடந்தது. அந்தப் பக்கத்தில் நிலம் இல்லாதவர்கள் கோடையில் ஆறு வற்றியதும் அந்த மணலில் குழி எடுத்து, எருப் போட்டு, ஊற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றி, கிர்ணியும் வெள்ளரியும் போடுவார்கள். மழைக்காலத்தில் ஆறு தன் இடத்தை எடுத்துக்கொள்ளும். சின்னப்பொண்ணுவின் கொடிகள் மணலில் பச்சையாகப் படர்ந்திருந்தன. பழம் வெடிக்கிற பருவம். அந்த வாசனை ஊற்று வரைக்கும் வந்தது.

"மேல அணை கட்டி வெச்சிக்கினு கீறாங்க, டீச்சரம்மா," என்றாள். "கட்டினதுல எங்கூட்டு ஆளும் ஒருத்தரு. குதிரைங்களுக்குத் தண்ணின்னு சொல்லித்தான் இட்டுக்கினு போனாங்க. அருவிக்கின்னு ராத்திரிதான் தெரியுது. அதை உட்டாங்கன்னா என் தோட்டம் பூரா ஆத்தோட பூடும். இதை வித்துத்தான் ஆடி வரைக்கும் நாங்க துன்னணும்."

அவளுடைய புருஷனை அணைக்குக் காவலாக அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். தன் தோட்டத்தை அடித்துக்கொண்டு போகப் போகிற தண்ணீருக்கு அவனே காவல். அவளும் அவள் ஓர்ப்படியும் மட்டும்தான் பறிக்க இருந்தார்கள். அருவியையே வேண்டாம் என்று சொல்லச் சொல்லி அவள் கேட்கவில்லை. உச்சிப் பொழுது வரைக்கும் விடாமல் இருந்தால் போதும், பறித்துக் கரையேற்றி விடுவேன் என்றாள்.

எனக்கு அது மிகச் சின்ன வேலையாகத் தோன்றியது. தண்ணீரே வேண்டாம் என்றுதானே துரைசானி வந்திருக்கிறாள்? ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்று நினைத்தேன்.

வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்

கூடாரத்துக்குப் போய் துரைசானியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நல்லவள், பதறிப்போய்விட்டாள். உடனே தாசில்தாரைக் கூப்பிட்டு, எனக்குத் தண்ணீர் வேண்டாம், அணையைத் திறக்கவே கூடாது என்று இங்கிலீஷில் சொன்னாள். தாசில்தார் குனிந்து வணங்கி, "அட்லேம்மா," என்றார். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். துரைசானி சுத்தியலை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டாள்.

தாசில்தார் நாலடி தள்ளிப் போய் தலையாரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா மேலே ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் குடையைப் பார், உடனே திற.

நான் ஓடிப்போய், அந்த அம்மாள் வேண்டாம் என்றார்களே அய்யா என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பெரிய எடத்து ஜனம் மொதல்ல வேணாம்னுதாம்மா சொல்லுவாங்க. ஒடனே சரின்னு நாம உட்டுட்டா அது மரியாதையா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் சீமையில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான். முதல் வேண்டாம் சபைக்கு. இரண்டாவது வேண்டாம் பக்கத்து இலைக்காரருக்கு. மூன்றாவது வேண்டாமுக்கு இலையின் மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்து மறைக்கவேண்டும். அப்போதும் விரல் சந்தில் நெய்யை ஊற்றுகிறவர்தான் நல்ல வீட்டுக்காரர். என் பெரியப்பா ஒருவர், வேண்டாம் என்று சொன்னதும் உண்மையாகவே நகர்ந்துபோன ஒரு வீட்டாரோடு சாகும்வரை பேசவில்லை. சம்பந்தம் கலந்த வீடு அது.

துரைசானியோ ஒரு முறைதான் வேண்டாம் என்றாள். கையை இலைமேல் வைக்கவும் இல்லை. தாசில்தார் எப்படி நம்புவார்?

திரும்பவும் ஆற்றில் இறங்கி அவளிடம் சொன்னேன். அவர்தான் ஒப்புக்கொண்டாரே, நீ ஏன் கவலைப்படுகிறாய் என்றாள். அவளுக்கு அட்லேம்மா என்றால் சத்தியம். ஆக, எனக்கு ஒரே வழிதான் இருந்தது. துரைசானி ஆற்றுக்குள் இருக்கும்வரை யாரும் அணையைத் திறக்க முடியாது. அவளை அடித்துக்கொண்டு போய்விடும்.

பாறைக்குள் உரல்

மேலே கசிவையும் அணை போட்டு நிறுத்திவிட்டதால் பாறை எலும்பு தெரிய உலர்ந்து கிடந்தது. துரைசானிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கர்த்தரே நமக்காக உலர்த்தி வைத்திருக்கிறார் என்றாள். தாசில்தார் என்று திருத்த வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

பாறை முழுக்க உரல் உரலாகக் குழிகள். சில கை நுழைகிற அளவு, சில ஆள் இறங்குகிற அளவு. உள்ளே தடவினால் எண்ணெய் தேய்த்த மாதிரி வழவழப்பு. பீமன் சோறாக்கிய அடுப்பு என்று தாசில்தார் வரும்போதே சொல்லியிருந்தார். எங்கள் போதகரோ, நோவா காலத்து வெள்ளம் அறுத்தது என்று அனுப்பும்போதே சொல்லியிருந்தார். நான் இரண்டையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, குழி ஏன் உருண்டையாக இருக்கிறது என்று முதல் கேள்வியைப் போட்டேன்.

துரைசானி அந்தக் குழிக்குள் தலையை விட்டாள். அடியிலிருந்து ஒரு உருண்டைக் கல்லை எடுத்து என் மடியில் வைத்தாள். பாறையில் சின்னப் பள்ளம் ஒன்று இருந்தால் போதும், வெள்ளக் காலத்தில் ஒரு கல் அதில் வந்து விழும், வெளியே போக முடியாமல் தண்ணீரோடு சேர்ந்து சுழலும். சுழலச் சுழல பாறையும் தேயும், கல்லும் தேயும். கல் தேய்ந்து மணலானதும் ஆறு இன்னொரு கல்லைக் கொண்டுவந்து போடும். குழி ஆழமாகிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் அருவிக்குள் திமுதிமுவென்று மேளம் கேட்கிறதென்று ஊரார் சொன்னது இந்தக் கற்களைத்தான்.

கீழே பார்த்தேன். சின்னப்பொண்ணு ஒரு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கரைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அப்படியானால் அதோ, தண்ணீர் எட்டாத உயரத்தில் பக்கச் சுவரில் பாதிக் குழிகள் இருக்கின்றனவே, அவை எப்படி வந்தன என்று கேட்டேன். துரைசானி எழுந்து கிளம்பப் போனவள், திரும்ப உட்கார்ந்துவிட்டாள். ஒரு காலத்தில் ஆறு அந்த உயரத்தில் ஓடியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் குழிகள் பெரிதாகி ஒன்றோடு ஒன்று சேரும், நடுச்சுவர் உடையும், ஆறு ஒரு படி கீழே இறங்கும். சுவரில் நிற்பது பழைய குழியின் மிச்சப் பாதி.

இன்னொரு கூடை போனது. அடுத்து, அருவியின் காலடியில் வீடு வீடாகக் கிடக்கும் பாறைகளைக் காட்டி, யார் கொண்டுவந்து போட்டது என்றேன். அதுதான் பழைய அருவி என்றாள் துரைசானி. பாறையில் வெடிப்புகள் இருக்கின்றன, தண்ணீர் அதில் புகுந்து அடியை அரிக்கிறது, உச்சி விளிம்பு துண்டு துண்டாக உடைந்து விழுகிறது. விழ விழ அருவி பின்னால் நகர்கிறது. ஆறு கடலைப் பார்த்துப் போகிறது, அருவி மலையைப் பார்த்துப் போகிறது என்றாள். நம் கண்ணுக்குத் தெரியாத நிதானத்தில் அது நடந்துகொண்டே இருக்கிறதாம்.

நேரம் கடத்தக் கேட்டவள்தான் நான். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நயாகராவின் உயரத்தை இத்தனை வருஷம் ஒப்பித்த வாய்க்கு, அருவி நடக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் கேட்டதெல்லாம் நிஜமான கேள்வி. தேங்கிய மடுவில் உதட்டால் பாறையைப் பற்றிக்கொண்டு நின்ற சின்ன மீன்களைக் காட்டிக் கேட்டேன். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க அதற்கு அப்படி ஒரு வாய் என்றாள். இருவரும் குப்புறப் படுத்துக்கொண்டு மீனைப் பார்த்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு பாடமும் கற்றதில்லை.

தாசில்தார் குடையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். பாவம், அவரும் வெயிலில்தான் நின்றார்.

திறப்பு விழா

உச்சிப் பொழுதுக்கு பட்லர் வந்து, துரை சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார் என்று சொன்னான். இனி நிறுத்த முடியாது. கீழே பார்த்தேன். சின்னப்பொண்ணு வெறுங்கூடையைக் கவிழ்த்து ஆட்டிக் காட்டினாள். கொடியில் பிஞ்சுதான் மிச்சம். பழுத்ததெல்லாம் புங்கமரத்தடியில் குவியலாகக் கிடந்தது. எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

நாங்கள் பந்தலில் உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு முன் டீ வந்ததும் குடை உயர்ந்தது.

முதலில் வந்தது தழை. அப்புறம் சாணி, ஒரு பிய்ந்த துடைப்பம், யாருடையதோ ஒற்றைச் செருப்பு. அதற்குப் பின்னால் காப்பி நிறத்தில் தண்ணீர் வந்து, பாறையில் இடித்துக்கொண்டு விழுந்தது. சேவகர்கள் கை தட்டினார்கள். துரை எழுந்து நின்று, ரொம்ப நேர்த்தி என்றார்.

துரைசானி கோபப்படுவாள் என்று நான் பார்த்தேன். அவளோ பாறைக்கு ஓடினாள். நாங்கள் காலையில் பார்த்த குழியில் தண்ணீர் சுழன்று உள்ளே கல் உருளுகிற சத்தம் கேட்டது. அவள் குழந்தை மாதிரிக் குதித்து, கேள், கேள் என்று என்னைக் கூப்பிட்டாள். தாசில்தார் என் பக்கம் திரும்பினார். விருந்தாளிக்கு நெய் ஊற்றிய முகம் அது.

டீ ஆறுவதற்குள் அருவி நின்றுவிட்டது. கீழே மணலில் கொடிகள் இருந்த இடம் சேறாகக் கிடந்தது.

புங்கமரத்தடி

சாப்பாட்டு மேஜைக்குக் கிர்ணிப்பழம் வந்தது. சர்க்கரை தூவி, வெள்ளிக் கரண்டியோடு.

துரைமார் முகாம் போட்டால், கோழி முதல் விறகு வரை அந்த ஊர் கொடுக்கவேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். கிரயம் உண்டு என்று உத்தரவு சொல்லும். எல்லா நாளும் கேட்க ஆளிருக்காது. கொடியிலேயே இருந்திருந்தால் எந்த டவாலிச் சேவகனும் வெயிலில் குனிந்து பறித்திருக்க மாட்டான். பறித்து, மண் துடைத்து, நிழலில் குவித்தும் வைத்திருந்தது. துரைக்குப் போக குமாஸ்தாக்கள், அவர்களுக்குப் போக சேவகர்கள், வண்டிக்காரர்கள் என்று முகாமே தின்றது. தோலைக் குதிரைகளுக்குப் போட்டார்கள்.

இது அந்தப் பெண்ணுடைய பழம் என்று நான் துரைசானியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்குக் கிரயம் கொடுத்தாயிற்றா என்று தாசில்தாரைக் கேட்டாள்.

"அட்லேம்மா," என்றார் அவர்.

இல்லை என்றேன் நான். டீச்சரம்மாவுக்குத் தாலூகா நடைமுறை தெரியாது என்று அவர் துரையிடம் இங்கிலீஷில் சொன்னார். துரை சிரித்தார். துரைசானி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டாள். அடுத்த துண்டில் ஒட்டியிருந்த விதைகளைப் பத்திரமாக ஒரு காகிதத்தில் மடித்து வைத்தாள்.

நான் எழுந்து புங்கமரத்தடிக்குப் போனேன். சின்னப்பொண்ணு கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அணையில் காவலுக்கு நின்ற அவள் புருஷன் அப்போதுதான் வந்து, ஈரக் காலோடு பக்கத்தில் நின்றான். ஏதாவது மிச்சம் வைத்தார்களா என்று கேட்டேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ஆத்தோட போயிருந்தா வாயார ஆத்தைத் திட்டிக்கினு இருந்திருப்பேன், டீச்சரம்மா. அது ஒண்ணும் பண்ணாது. இப்ப நான் யாரைத் திட்டறது?"